ஸ்டீரியோ கழட்ட டேப் சுத்துன ஸ்க்ரூடிரைவரா, நைலான் டூலா? ரெண்டையும் வெச்சு நெம்பிப் பாத்தவன் சொல்றேன்

கார் ஸ்டீரியோவ கழட்டுறது உண்மையில பெரிய வேலையே இல்ல. நாலு ஸ்க்ரூ, பின்னாடி ரெண்டு மூணு கனெக்டர், ஒரு ஆன்டெனா வயர், முடிஞ்சுது. ஆனா அந்த நாலு ஸ்க்ரூ கண்ணுல படணும்னா முதல்ல சுத்தி இருக்குற பிளாஸ்டிக் பேனல் வெளிய வரணும் பாருங்க, எல்லாரும் சொதப்புறது அங்கதான். நானும் சொதப்புனேன். முதல் தடவ வீட்ல கிடந்த ஸ்க்ரூடிரைவர்ல டேப்ப சுத்தி வேலைய முடிச்சேன், அடுத்த தடவ நைலான் டூல் செட், அதாவது பேனல நெம்பி எடுக்கவே விக்குற தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலுங்க, வாங்கி கழட்டுனேன். இப்ப நான் எந்தப் பக்கம்னு கேட்டா நைலான் பக்கம்தான், அத மறைக்கல. ஆனா அதுக்கும் குறை இருக்கு, அதையும் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. உங்க கார் பழைய மாடலா இருந்து, ஸ்டீரியோ முகத்துலயே ரெண்டு ஓரத்துலயும் சின்னச் சின்ன ஓட்டை இருந்துச்சுன்னா இந்த சண்டையே உங்களுக்கு வேண்டாம். சிங்கிள் டின் (DIN)னு சொல்ற 180க்கு 50 மில்லிமீட்டர் சைஸ் செட்டுல இது நிறைய வரும். அதுக்குன்னு யூ வடிவ கம்பிச் சாவி இருக்கு, ரெண்டு பக்கமும் சொருகி லேசா வெளிப்பக்கமா அகட்டிப் பிடிச்சு இழுத்தா செட்டு அப்படியே கைக்கு வந்துரும். நான் அப்படி கழட்டுனது ஒரே ஒரு காருலதான், அதனால அதப் பத்தி இதுக்கு மேல பெருசா பேச மாட்டேன்.

இப்ப ஸ்க்ரூடிரைவர். இதுக்கு ஒரே பிளஸ், கையில இருக்கு. டேப் சுத்துனா கீறாதுன்னு நெனச்சுதான் நானும் ஆரம்பிச்சேன். இடுக்குல ரெண்டாவது தடவ அழுத்துனதுமே முனையில டேப் கிழிஞ்சு இரும்பு வெளிய வந்துருச்சு, அது எனக்குத் தெரியல, ஏன்னா முனை உள்ள இருக்கு. அதுக்கும் மேல ஒரு விஷயம், ஸ்க்ரூடிரைவர் முனை அஞ்சாறு மில்லிமீட்டர் அகலம்தான், நீங்க குடுக்குற மொத்த விசையும் அந்த துளி இடத்துல போய் இறங்குது, இரும்பு வளையாது, அப்ப எது வளையும்? பிளாஸ்டிக்தான். நம்ம எல்லாரும் கழட்டுற பேனலையே பாத்துக்கிட்டு இருப்போம், ஆனா நெம்பும்போது பாரம் தாங்குறது எதிர்ப்பக்கம், அதாவது டேஷ்போர்டோட ஓரம். பேனல் போனா வேற பேனல் வாங்கி மாட்டிரலாம், டேஷ்போர்டு ஓரத்துல குழி விழுந்துச்சுன்னா அத மாத்துறதுக்கு காரோட முன்பக்கத்தையே பிரிக்கணும். எனக்கு விழுந்தது அங்கதான்.

நைலான் டூல்ல முனை அகலம், அதனால அழுத்தம் பரவுது, ரொம்ப அழுத்துனா டூலே வளைஞ்சு "இங்க வேணாம், தள்ளி வை"னு சொல்லிரும். அந்த வளைவுதான் இதோட பலமே. ஆரம்பத்துல எனக்கு எரிச்சலாதான் இருந்துச்சு, என்னடா இது ரப்பர் மாதிரி வளையுதுன்னு, அப்புறம்தான் புரிஞ்சுது, அது வளையுற இடத்துல எல்லாம் உள்ள ஸ்க்ரூவோ கிளிப்போ பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஒரு இடத்துல வரவே மாட்டேங்குதேன்னு தேடுனா, கீழ சின்ன ட்ரேக்கு அடியில ஒளிஞ்சிருந்த ஒரு ஸ்க்ரூ. ஸ்க்ரூடிரைவரா இருந்தா அங்க நிச்சயம் உடைச்சிருப்பேன்.

நான் நைலான் பக்கம் சாயுறதுக்கு உண்மையான காரணம் கீறல் கூட இல்ல. இந்த பேனல ஒரு தடவ மட்டும் கழட்டுறவன் யாருமே கிடையாது. புது செட்டு மாட்டி ரெண்டு நாள்ல ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யாது, கழட்டணும். ரிவர்ஸ் கேமரா வாங்குவோம், வயர் இழுக்கணும், கழட்டணும். மைக் சரியா கேக்கல, கழட்டணும். கடைசில காரை விக்கும்போது பழைய செட்ட திருப்பி மாட்டலாம்னு தோணும், அப்பவும் கழட்டணும். நான் ஒரு வருஷத்துக்குள்ள நாலு தடவ கழட்டியிருக்கேன். ஸ்க்ரூடிரைவர் முதல் தடவ ஜெயிச்ச மாதிரிதான் தெரியும், பேனலுக்குப் பின்னாடி கிளிப் மாட்டுற கால, அதாவது நீட்டிக்கிட்டு இருக்குற பிளாஸ்டிக் முளையப் பாத்தாதான் உண்மை தெரியும். ஒரு மூலைய மட்டும் பிடிச்சு நெம்புனா அந்த கால் சாஞ்சு அடிப்பாகம் வெளுத்துப் போயிருக்கும். அந்த வெளுப்பு இருந்தா அடுத்த தடவையோ அதுக்கு அடுத்த தடவையோ ஒடியும். கால் பேனலோடயே வார்த்தது, தனியா கிடைக்காது. ஒண்ணு ஒடிஞ்சாலும் பேனல் உக்காரும், ஆனா மேடு பள்ளத்துல கடகடன்னு சத்தம் போடும், புது ஸ்டீரியோ மாட்டிட்டு அந்த சத்தத்த கேட்டுக்கிட்டு ஓட்டுறது மாதிரி கடுப்பு வேற இல்ல.

அகல டூல கிளிப் இருக்குற இடத்துக்கு நேரா வெச்சு, ஒவ்வொரு இடமா கொஞ்சம் கொஞ்சமா விடுவிச்சு, கடைசில ரெண்டு கையாலயும் நேரா உங்கள பாத்து இழுத்தா கால் சாயாது. இன்னொண்ணு, சில சமயம் ஸ்டீல் கிளிப் பேனலோட வராம டேஷ்போர்டு ஓட்டையிலயே தங்கிரும். அத மூக்குக் கொறடால எடுத்து திருப்பி கால்ல மாட்டிட்டுதான் பேனல அமுக்கணும். அப்படியே அமுக்குனா அதுவும் ஆடும்.

நைலானோட குறைகள். முனை கொஞ்சம் தடிமன், இறுக்கமான இடுக்குல முதல்ல நுழையாது. நான் பழைய பிளாஸ்டிக் கார்டு ஒண்ண சொருகி வழி பண்ணிட்டு அப்புறம் டூல விட்டேன். ரொம்ப மலிவான செட்டு வாங்குனா சும்மா வளைஞ்சுக்கிட்டே இருக்கும், வேலைக்கு ஆகாது. நாலஞ்சு தடவைக்கு அப்புறம் முனையில பிசிறு வரும், உப்புத்தாள்ல தேச்சா சரியாகுது. பளபள கருப்பு பேனலா இருந்தா நைலான் கூட கோடு போடும், இடுக்கோட ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு செய்ங்க.

மெட்டல் நெம்பு டூலும் கிடைக்குது. மெல்லிசு, எங்கயும் நுழையும். நான் அத ஒரே ஒரு தடவ, டோர் பேட் கிளிப் எடுக்கதான் வெச்சேன், அங்க நல்லா இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியுற ஓரத்துல வைக்க எனக்கு தைரியம் வரல.

எந்த டூலா இருந்தாலும் ரெண்டு விஷயம். குளிர்ல பிளாஸ்டிக் மொறுமொறுன்னு ஆயிரும், வண்டிய கொஞ்சம் வெயில்ல நிறுத்திட்டு ஆரம்பிங்க. பேட்டரி மைனஸ் முதல்லயே கழட்டிருங்க, ஏன்னா பல கார்ல அந்த பேனல்லயே ஹசார்ட் ஸ்விட்சும் ஏர்பேக் விளக்கும் இருக்கும், அந்த கனெக்டர் கழண்டிருக்கும்போது இக்னிஷன் போட்டா ஏர்பேக் வார்னிங் வந்து உக்காந்துக்க வாய்ப்பிருக்கு. சில பழைய செட்டு பேட்டரி எடுத்தா திரும்ப ஆன் ஆக ரகசிய கோடு (code) நம்பர் கேக்கும், அத முன்னாடியே தேடி வெச்சுக்கங்க.

அந்த டேஷ்போர்டு குழி இன்னும் அப்படியேதான் இருக்கு. ஹேர் டிரையர்ல சூடு காட்டிப் பாத்தேன், ஓரம் கொஞ்சம் மழுங்குச்சு, குழி போகல. ஹீட் கன் வெச்சா அந்த சொரசொரப்பும் போய் பளபளன்னு ஒரு தழும்பு ஆயிருமோன்னு விட்டுட்டேன்.