காசியில் முதல் தடவை: எந்தப் பக்கம் அறை எடுப்பது?

காசிக்கு அறை தேடுகிறவர்கள் பெரும்பாலும் விஸ்வநாதர் கோயிலை நடுவில் வைத்துக்கொண்டு, 'கோயிலிலிருந்து 400 மீட்டர்' என்று போட்டிருக்கும் விடுதியைப் பிடிப்பார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். 400 மீட்டர் என்றது பொய்யில்லை. அதில் ஆட்டோ நுழையாத சந்து எவ்வளவு, ஏற வேண்டிய படி எத்தனை என்பதை யாரும் போடுவதில்லை. எழுபது வயது அம்மா, இரண்டு பெட்டி, சந்தை அடைத்துக்கொண்டு நிற்கும் மாடு. அறை மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் கங்கை அப்படித் தெரிந்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் படுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு தடவை போய்வந்த தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

ஊரின் அமைப்பைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கங்கை இங்கே தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. படித்துறைகள் (இங்கே 'காட்' என்பார்கள்) எல்லாம் மேற்குக் கரையில், கிழக்கே சூரியனைப் பார்த்தபடி. தென்கோடியில் அஸ்ஸி, கொஞ்சம் வடக்கே ஹனுமான் காட், கேதார் காட். அதையும் தாண்டினால் தசாஸ்வமேத காட், அதன் பக்கத்தில் கோயில். ரயில் நிலையமும் கண்டோன்மெண்ட்டும் ஆற்றைவிட்டு உள்ளே தள்ளி. போட்டி இந்த நான்கு பகுதிகளுக்குள்தான்.

கோயிலை ஒட்டிய கோதௌலியா பக்கத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு: நேரம். விடியற்காலை மூன்று மணிக்கு மங்கள ஆரத்தி. அதற்குச் சீட்டு எடுத்திருந்தால் இரண்டரைக்கெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அஸ்ஸியிலிருந்து வண்டி தேடி அலைவதைவிட அறையிலிருந்து இறங்கி நடப்பது எவ்வளவோ மேல். அப்புறம், கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. தூரத்திலிருந்து வருகிறவர் பாதுகாப்புப் பெட்டி தேட வேண்டும், பக்கத்தில் தங்குகிறவர் அறையிலேயே வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகலாம். அன்னபூரணி சந்நிதி பக்கத்திலேயே. விசாலாட்சி கோயில் மீர் காட் சந்துக்குள், நகரத்தார் திருப்பணி செய்தது. கோபுரத்தைப் பார்த்தாலே நம்மூர்க் கை தெரியும்.

பலவீனமும் அதே கோயில்தான். 2021 டிசம்பரில் புதிய வளாகம் திறந்த பிறகு கூட்டம் பெருகிவிட்டது. கோதௌலியா சந்திப்போடு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மிச்சம் நடைதான். சிராவண மாதத் திங்கட்கிழமைகளிலும் சிவராத்திரியன்றும் அந்த நடைக்கே இடம் இருக்காது. இங்கே தங்குவதானால் ஆறு தெரியும் அறைக்கு ஆசைப்படாமல் கடைத்தெருவை ஒட்டிய அறையாக எடுங்கள். இரைச்சல் இருக்கும். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டாம்.

இதே வட்டாரத்தில்தான் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம், 1813 முதல் இருப்பது. விஸ்வநாதர் பூஜைக்கு இங்கிருந்து தினமும் பொருள் போகிறது. அந்த வழக்கம் இன்றும் விட்டுப்போகவில்லை. சிக்ராவில் அவர்களே கட்டிய புதுச் சத்திரம் 2025-ல் திறக்கப்பட்டது. அது ஆற்றங்கரையில் இல்லை, ஊருக்குள். வண்டி வாசலுக்கே வரவேண்டும் என்கிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஹனுமான் காட், கேதார் காட் பகுதிக்கு வந்தால் என் ஓட்டு எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். சந்து முனையில் தமிழ்ப் பலகை, காலையில் இட்லி, வீட்டு வாசலில் கோலம். பித்ரு காரியத்துக்கு வருகிறவர்கள் இங்கேதான் இறங்குகிறார்கள். பல சாஸ்திரிகள் தங்க இடமும் சாப்பாடும் தாங்களே ஏற்பாடு செய்துவிடுவார்கள். காசி, பிரயாகை, கயை என்று யாத்திரை முழுவதற்கும் வண்டி பேசித் தருகிறவர்களும் உண்டு. ஐந்து படித்துறைகளில் நீராடும் பஞ்சதீர்த்தத்துக்குப் படகும் இங்கிருந்தே கிளம்பும். கேதாரேஸ்வரர் கோயில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, ஆற்றிலிருந்து பார்த்தாலே தெரியும். பக்கத்தில் 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம். ஹனுமான் காட்டில் பாரதி 1898 முதல் 1902 வரை அத்தை வீட்டில் தங்கிப் படித்த சிவமடம் இருக்கிறது. ஒரு பகுதியை நினைவில்லமாக்கித் தமிழக அரசு 2022 டிசம்பரில் திறந்தது. சின்ன இடம்தான், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

'இதற்கு மயிலாப்பூரிலேயே இருந்திருக்கலாமே' என்று ஒரு நண்பர் கிண்டல் செய்தார். அவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஊரின் கச்சோரியும் லஸ்ஸியும் நம் நாக்கில் படாமலே நாலு நாள் ஓடிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு படித்துறைகளுக்கும் நடுவே ஹரிச்சந்திர காட். சிதை இரவு பகலாக எரியும், காற்றடித்தால் புகை மாடிக்கு வரும். சிலருக்கு அது காசிக்கு வந்த பலன். சின்னக் குழந்தைகளை அழைத்து வருகிறவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

ஆனாலும் இந்தப் பகுதியை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் தமிழ் இல்லை, சோனார்புரா சாலை. அஸ்ஸிக்கும் கோதௌலியாவுக்கும் நடுவே ஓடும் அந்தச் சாலையில் மின் ரிக்‌ஷா எந்நேரமும் கிடைக்கும். சாலையிலிருந்து அறைக்கும் அதிக தூரமில்லை. படித்துறை வழியாகவே நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தசாஸ்வமேதம். மாலை ஆரத்தி பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு முட்டிமோதாமல் திரும்பிவிடலாம்.

அஸ்ஸி இளைஞர்களின் பேட்டை. பீட்சா, காபிக் கடை, கிதாரோடு உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரர், பக்கத்திலேயே பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழக வாசல் இருக்கும் இடத்துக்கு லங்கா என்று பெயர். ஆட்டோக்காரர் 'லங்கா, லங்கா' என்று கூவினால் பயப்பட வேண்டாம்! விடியற்காலையில் இங்கே நடக்கும் 'சுபஹ்-ஏ-பனாரஸ்' ஆரத்தியும் இசையும் தசாஸ்வமேதத்து மாலைக் கூட்டத்தைவிட எனக்குப் பிடித்தவை. தனியாகப் போகிறவருக்கும், ஒரு வாரம் சும்மா இருக்கப் போகிறவருக்கும் இதுதான் இடம். இரண்டு நாளில் கோயில், காரியம், கயை என்று ஓடுகிறவருக்குத் தூரம்.

கண்டோன்மெண்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அகலமான தெரு, லிஃப்ட், கார் நிறுத்த இடம், பெரிய ஹோட்டல்கள். சாரநாத்துக்கும் விமான நிலையத்துக்கும் வசதி. அங்கே தங்கினால் காசிக்குத் தினமும் 'போய்வர' வேண்டும். விடியற்காலை ரயிலுக்கு முந்தின இரவு தங்க நல்லது.

ஒரு எச்சரிக்கை. ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை ஏறினால் படித்துறைகள் மூழ்கிவிடும், படகு நிற்கும், நான் சொன்ன படித்துறை நடையும் இல்லை. சந்து வழியாகத்தான் போக வேண்டும். அப்போது கோயிலுக்குத்தான் என்று வருகிறவர் கோதௌலியாவிலேயே இருந்துகொள்ளலாம். கார்த்திகைப் பௌர்ணமியன்று தேவ தீபாவளி. அந்த வாரம் ஆற்றங்கரையில் எங்கே கேட்டாலும் வாடகை எகிறியிருக்கும்.

இரண்டாவது தடவை கேதார் காட்டில் ஒரு வீட்டுக்குப் போன் செய்தபோது, வாடகை கேட்பதற்கு முன்னால் வண்டி எதுவரை வரும், அங்கிருந்து எத்தனை படி என்றுதான் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எண்ணிப் பார்க்கிறார் போல. "பதினொண்ணு சார். அம்மா வர்றாங்களா?" என்றார்.