வீட்டுத் தொலைபேசியில் வந்த ‘காவல் நிலையம்’: நான் 18,400 வெள்ளியை இழந்த விதம்

பினாங்கு ஜெலுத்தோங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன் நான். சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வீட்டுத் தொலைபேசியில் வந்த ஓர் அழைப்பை நம்பி 18,400 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) என் கையாலேயே கொண்டுபோய்க் கட்டினேன். கோயிலில் எதிர்ப்படும் பழைய மாணவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் இத்தனை மாதங்கள் இதை வெளியில் சொல்லாமல் இருந்தேன். எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் அம்மையார் ஒருவருக்கும் அதே கதையோடு அழைப்பு வந்ததைச் சென்ற வாரம் கேள்விப்பட்ட பிறகு, வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை என்று தோன்றியது.

அதற்கு முன்பே சில மாதங்களாக வீட்டுத் தொலைபேசி எங்களைத் தொந்தரவு செய்துகொண்டுதான் இருந்தது. காலை பத்து, பதினோரு மணிவாக்கில் மணி அடிக்கும், எடுத்தால் பேச்சில்லை, சில விநாடிகளில் இணைப்பு தானாகவே அறுந்துவிடும். ஒரே நேரத்தில் பல எண்களுக்கு அழைப்பு விடும் இயந்திரங்கள் உண்டு என்றும், எந்த எண்ணில் எந்த நேரத்தில் ஆள் எடுக்கிறார் என்பதை அவை குறித்துவைக்கும் என்றும் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். நானோ ஒவ்வொரு முறையும் கூடத்துக்கு விரைந்து வந்து, ரிசீவரை எடுத்து, ‘ஹலோ, ஹலோ’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் வைப்பேன். வேலை நாளில், வெயில் ஏறும் நேரத்தில், வீட்டில் வயதான குரல் ஒன்று இருக்கிறது என்ற செய்தியை நானே அவர்களுக்குக் கொடுத்துவந்திருக்கிறேன் என்றே இப்போது நினைக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதலில் பேசியது பதிவு செய்யப்பட்ட குரல். என் பெயரில் ஒரு பொட்டலம் சுங்கத்துறையில் தடுத்து வைக்கப்பட்டிருப்பதாகவும், விவரம் அறிய 9ஐ அழுத்தும்படியும் மலாயில் சொன்னது. அழுத்தினேன். பேசிய பெண், பொட்டலத்துக்குள் வேறு ஆட்களின் ஏ.டி.எம். அட்டைகள் இருந்ததாகவும், உடனடியாகச் சபா மாநிலக் காவல் துறையில் புகார் செய்யாவிட்டால் பழி என்மேல் விழும் என்றும் கூறி, தாமே அங்கே இணைத்துவிடுவதாகச் சொன்னார். ஓர் அலுவலகத்தின் இணைப்பிலிருந்து காவல் நிலையத்துக்கு அப்படி மாற்றிக் கொடுக்கும் வழக்கமே கிடையாது என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் உறைக்கவில்லை.

அடுத்து வந்த ஆண் தன்னைச் சார்ஜன் என்று சொல்லிக்கொண்டார். பின்னணியில் வாக்கி டாக்கியின் கரகரப்பு கேட்டது. என் அடையாள அட்டை எண்ணை அவரே சொல்லத் தொடங்கினார்: பிறந்த ஆண்டு, மாதம், தேதி, பிறகு பினாங்கைக் குறிக்கும் 07. “மிச்சத்தை நீங்கள் சொல்லி உறுதிப்படுத்துங்கள்” என்றார். கடைசி நான்கு எண்களை நான் ஒப்பித்தேன். ஒருவர் பிறந்த நாளும், அவர் பிறந்தது பினாங்கில் என்பதும் தெரிந்துவிட்டாலே 12 எண்களில் எட்டு கையில் வந்துவிடுகின்றன. எஞ்சிய நான்கைத்தான் நான் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கணத்தில், இவருக்கு என் எண் முழுவதும் தெரிந்திருக்கிறது என்றே என் மனத்தில் பதிந்தது.

எனக்கு லேசாக ஐயம் எழுந்தபோது அதற்கும் அவர் விடை வைத்திருந்தார். “உங்கள் தொலைபேசித் திரையில் தெரியும் எண்ணைப் பாருங்கள், இணையத்தில் தேடிச் சரிபாருங்கள், நான் காத்திருக்கிறேன்” என்றார். 088 என்று தொடங்கும் எண் அது. மனைவியின் கைப்பேசியில் தேடினேன். சபாவின் கோத்தா கினபாலு காவல் நிலையம் ஒன்றின் எண்ணாகவே காட்டியது. இணையவழித் தொலைபேசியில் அழைப்பவர் தாம் விரும்பிய எண்ணை மறுமுனையின் திரையில் தோன்றச் செய்ய முடியும் என்பதைப் பின்னர்க் காவல் அதிகாரி ஒருவர் விளக்கினார். நம்மைத் தேடி வந்த அழைப்பின் எண் உண்மையா என்று பார்ப்பதால் பயனில்லை. இணைப்பை அறுத்துவிட்டு, நாமே தேடி எடுத்த எண்ணை வேறொரு தொலைபேசியிலிருந்து கூப்பிட்டால்தான் உண்மையான ஆள் கிடைப்பார். அந்த ஒன்றைத்தான் நான் செய்யவில்லை. அதை நான் செய்துவிடக் கூடாது என்பதிலேயே அவர்களுடைய முழுக் கவனமும் இருந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்த்தால் புரிகிறது.

ஏனென்றால், இரண்டு மணி நாற்பது நிமிடங்கள் அவர்கள் என்னை அந்த இணைப்பிலிருந்து விடவே இல்லை. ரிசீவர் சூடாகிக் காது வலித்தது. இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்டேன் என்பதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன் என்று வாய்விட்டதும், அதுவரை ‘என்சிக்’ (ஐயா) என்று அழைத்தவர் ‘சிக்கு, சிக்கு’ என்று மரியாதையைக் கூட்டிக்கொண்டார். மலாயில் அது ஆசிரியரை அழைக்கும் சொல். அன்று அதன் தமிழ்ப் பொருள்தான் எனக்குப் பொருந்தியது. “இனி கேஸ் பெராட், சிக்கு”, இது கனமான வழக்கு, என்றார். என் பெயரில் சபாவில் ஒரு வங்கிக் கணக்கு இருப்பதாகவும், அதன் வழியாகக் கறுப்புப் பணம் போயிருப்பதாகவும், இது 1972ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டத்தின் கீழ் வருவதால் மனைவி மக்களிடம் ஒரு சொல் சொன்னாலும் அவர்களையும் கைது செய்ய வேண்டி வரும் என்றும் அடுக்கிக்கொண்டே போனார். வாட்ஸ்அப்பில் கைது ஆணை ஒன்றும் வந்தது. அதில் நீதிமன்றத்தைக் குறிக்கும் ‘மஹ்காமா’ என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. 31 ஆண்டுகள் சிவப்பு மையால் எழுத்துப்பிழை திருத்திய கண் அதை உடனே கண்டுகொண்டது. தட்டச்சு செய்த எழுத்தரின் கவனக்குறைவு என்று அதே கண் மன்னித்தும் விட்டது.

இறுதியில் கேட்டது பணம். என் சேமிப்பு குற்றப்பணம் இல்லை என்று நிரூபிக்க, அதை மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ‘தணிக்கைக் கணக்குக்கு’ மாற்ற வேண்டுமாம். 48 மணி நேரத்தில் திரும்பிவிடுமாம். கொடுத்த கணக்கு ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. கேட்டேன், தணிக்கை அதிகாரியின் பெயர் என்றார்கள். பேங்க் நெகாரா பொதுமக்களுக்குக் கணக்குத் திறந்து பணத்தைப் பத்திரப்படுத்தும் வங்கி அன்று என்பதை நான் அறியாதவன் அல்லன். பயத்தில் இருப்பவனுக்கு அறிந்ததும் அறியாததும் ஒன்றாகிவிடுகின்றன.

வங்கிக்குப் போகும்போது அழைப்பைக் கைப்பேசிக்கு மாற்றி, அதைச் சட்டைப்பையில் இணைப்பு அறாமலே வைத்திருக்கச் சொன்னார்கள். வரிசையில் நின்றபோது, முகப்பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த மோசடி எச்சரிக்கைத் தாளை முழுவதும் படித்தேன். அதில் எழுதியிருந்தது எனக்கு நடந்துகொண்டிருந்த அதே கதைதான். அங்கே இருந்த இளம்பெண் பணத்தை உடனே மாற்றிவிடவில்லை. “பாக்சிக், இவரைத் தெரியுமா? எதற்குப் பணம்?” என்று இரண்டு முறை கேட்டார். வீட்டுக் கூரை பழுதுபார்க்க என்று, சொல்லிக்கொடுத்த பொய்யைப் பிசகாமல் சொன்னேன். ஆகவே வங்கியின் மேல் நான் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. வாடிக்கையாளரை இப்படிக் கேள்வி கேட்கும் ஊழியரிடம் கோபப்படுகிறவர்கள் நம்மில் பலர் உண்டு, தயவுசெய்து கோபப்படாதீர்கள்.

அன்றிரவு நான் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனைவி துருவித் துருவிக் கேட்டார். மறுநாள் காலை இன்னும் 12,000 வெள்ளி ‘ஜாமீனாக’ கட்டச் சொல்லியிருந்தார்கள். சேமநிதிப் பணத்தில் எஞ்சியிருந்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். பொறுக்க முடியாமல் சொன்னேன். ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர் அவர். “போலீஸ்காரனுக்குக் காசு வேணும்னா நேர்ல வந்துல்ல கேப்பான், போன்ல எதுக்குங்க கேக்கிறான்?” என்றார். மந்திரம் அறுந்ததுபோல் இருந்தது.

உடனே கூலிமில் இருக்கும் மகளை அழைத்தோம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் 997 என்பதையும், வங்கியின் அவசர எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் அவள்தான் சொன்னாள். அந்த மையத்தில் காவல் துறை, பேங்க் நெகாரா முதலியவை சேர்ந்து இயங்குவதால், பணம் கணக்குக் கணக்காகத் தாவிக்கொண்டிருக்கும்போதே அதை மறிக்க வழி உண்டு. ஆனால் அதற்கு மணிக்கணக்கு முக்கியம். நான் பணம் கட்டிய ஒரு மணி நேரத்துக்குள் அது நான்கு கணக்குகளுக்குப் பிரிந்து போய்விட்டதாக, மறுநாள் பாலாயில் (காவல் நிலையத்தில்) புகாரைப் பதிவு செய்தபோது அறிந்தேன். மத்தியானமே அழைத்திருந்தால் ஒரு பகுதியாவது மிஞ்சியிருக்கலாம்.

நான் கட்டிய கணக்கு, தன் ஏ.டி.எம். அட்டையைச் சில நூறு வெள்ளிக்குப் பிறரிடம் கொடுத்துவிட்ட ஓர் இளைஞருடையதாம். ‘அக்காவுன் கெல்டாய்’, கழுதைக் கணக்கு, என்கிறார்கள். சுமப்பது கழுதை, சரக்கு வேறொருவனுடையது. அப்படிக் கணக்கை வாடகைக்கு விடுவதையே குற்றமாக்கும் பிரிவுகள் 2024இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்கள் காதில் போட்டுவையுங்கள். பணம் அனுப்புமுன் ஒரு கணக்கு எண்ணோ தொலைபேசி எண்ணோ ஏற்கெனவே புகாரில் சிக்கியதா என்று காவல் துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் பார்க்கலாம். ஆனால் அதில் இல்லாத எண் நல்ல எண் என்று பொருளாகாது. புதிய கணக்காகவும் இருக்கலாம்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தீபாவளி கழிந்த வாரம் மறுபடியும் வீட்டுத் தொலைபேசி அடித்தது. இம்முறை தமிழ். “வணக்கம் ஐயா, சாப்பிட்டாச்சுங்களா?” என்று தொடங்கிய அந்தக் குரல், மோசடியில் இழந்த பணத்தை மீட்டுத் தரும் சட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து பேசுவதாகச் சொன்னது. நான் இழந்த தொகை, தேதி எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்காமல், நம் ஆள், நம் மொழி, நம் துயரம் தெரிந்தவர் என்று உருகினேன். பத்திரக் கட்டணம் 650 வெள்ளி. கட்டினேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, அதற்கு நான் கண்ணெதிரே சான்றாக நின்றேன். மறுநாளிலிருந்து அந்த எண் பயன்பாட்டில் இல்லை. ஒருமுறை ஏமாந்தவர்களின் விவரங்கள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கைமாறுவதுண்டு. தொகையும் தேதியும் அவருக்குத் தெரிந்திருந்தது ஏமாற்றியவர்களிடமிருந்து வந்ததால்தான் இருக்க வேண்டும். 18,400 போனதைவிட இந்த 650தான் எனக்கு இன்றும் எரிகிறது. மலாயில் மிரட்டியவனிடம் பயந்தேன், சரி. தமிழில் நலம் விசாரித்தவனிடம் ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை?

இவை தவிர, காப்புறுதி விற்பவர்கள், தண்ணீர் வடிகட்டி விற்பவர்கள் என்று மோசடியில் சேராத தொல்லை அழைப்புகளும் உண்டு. அவற்றுக்கு வழி வேறு. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்பனை விளம்பரத்துக்கு என் விவரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கும் உரிமை நமக்கு உண்டு. இரண்டு நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பினேன். அவர்களின் அழைப்புகள் நின்றுவிட்டன. மோசடிக்காரனுக்குக் கடிதம் எழுத முடியாது என்பதால் இது அவ்வளவுதான்.

வீட்டுத் தொலைபேசியையே எடுத்துவிடுங்கள் என்கிறாள் மகள். எங்கள் வீட்டில் அது இணையத் திட்டத்தோடு சேர்ந்தே வருகிறது, எடுத்தாலும் மாதக் கட்டணம் குறையப்போவதில்லை என்பது என் வாதம். மனைவியின் வாதம் வேறு: சுங்கை சிப்புட்டிலிருக்கும் அவருடைய அக்காவுக்கு வயது எண்பதுக்கு மேல், அவர் மனப்பாடமாக வைத்திருப்பது இந்த ஓர் எண்ணைத்தான், தினமும் மாலை ஏழு மணிக்கு அதில்தான் கூப்பிடுவார். ஆகவே தொலைபேசி அதே மேசையில் இருக்கிறது. 997 என்று பெரிய எழுத்தில் எழுதிய தாளை மகள் அதன் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறாள். இப்போதெல்லாம் முதலில் அடிக்கும் மணிக்கு நாங்கள் எழுந்திருப்பதே இல்லை. அந்த அக்காவுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்: இரண்டு முறை அடித்து நின்று, மறுபடியும் அடித்தால்தான் எடுப்போம்.