கட்டாக்காலி ரீசேர்ட்: நெஞ்சில பகிடி, கொலரில வில்லங்கம்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திப் பக்கம் இருக்கிற பிரிண்டிங் கடை. ஏ9 வீதியால போறவை கண்ணாடிக்குள்ள தொங்குற கறுப்பு ரீசேர்ட்டைப் பாத்திருப்பியள். பூமா கொம்பனியின்ர மிருகம் பாயிற இடத்தில வேலி பாயிற ஒரு நாம்பன். கீழ அதே தடிச்ச எழுத்தில 'கட்டாக்காலி'. ராவில கோன் அடிச்சும் றோட்டை விட்டு எழும்பாத மாடுகளோட மல்லுக்கட்டினவைக்கும், விடியக் குடலைப் பருவத்து நெல்லு மேய்ஞ்சு கிடக்கிறதைக் கண்டவைக்கும் விளக்கம் தேவையில்லை. நான் வயல்காரன். பாத்த உடன வாங்கிட்டன்.

விலை 1800 ரூபா. துணி மொத்தம், வெயிலுக்குக் கொஞ்சம் புழுங்கும். ஆனா எத்தினை தரம் தோய்ச்சும் நாம்பன்ர கொம்பு வெடிக்கேல்லை.

குறை கொலருக்குள்ள. அதே நாம்பனைத் தங்கட லேபிளாத் தைச்சிருக்கினம், பையிலயும் அதுதான். அதையே வணிகக்குறியாப் பதியவும் யோசிக்கினமாம். கடைத் தம்பியைக் கேட்டன்.

"பகிடிதானே அண்ணை, ஆர் வந்து கேக்கப்போறாங்கள்?" எண்டார்.

நெஞ்சில கிடக்கிற வரைக்கும் பகிடிதான். தென்னாபிரிக்காவில ஒரு பியர் லேபிளை நக்கலடிச்சு ரீசேர்ட் வித்தவை 2005இல அரசியலமைப்பு நீதிமன்றத்தில வெண்டவை. வியாபாரத்துக்கு நட்டம் எண்டு கொம்பனியால காட்ட ஏலேல்லை. பகிடியையே கடைக் குறியாக்கினா கதை வேற. ஜேர்மனியில ஒருத்தர் இதே பூமாவுக்குப் பதிலாப் பாயிற பூடில் நாயைப் போட்டு, அதை வணிகக்குறியாவே பதிஞ்சார். ஆரும் மாறி வாங்கமாட்டினம் எண்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டும், பேரெடுத்தவன்ர புகழில குளிர்காயுறது எண்டு 2015இல அந்தப் பதிவு போச்சு. ஜாக் டானியல்ஸ் விஸ்கிப் போத்தல் மாதிரி நாய்க்கு விளையாட்டுச் சாமான் செய்தவைக்கும் 2023இல அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது: உன்ர சரக்குக்கே குறியாப் பாவிச்சா, கருத்துச் சுதந்திரம் எண்டு தனிச் சலுகை இல்லை.

தம்பி, நாம்பன் நெஞ்சிலயே நிக்கட்டும். கொலரில உங்கட கடைப் பேரைத் தையுங்கோ. எங்கட 2003ஆம் ஆண்டுப் புலமைச்சொத்துச் சட்டத்தில அதைப் பதிஞ்சா 10 வருசத்துக்கு உங்களுக்குத்தான், பிறகும் புதுப்பிக்கலாம்.

உள் மூலையில பெரிய கொம்பனி மார்க்குகளை அப்பிடியே அடிச்சு வைச்ச ராக்கை ஒண்டும் நிக்குது. அதில பகிடி மருந்துக்கும் இல்லை, கள்ளச் சாமான். அதுக்கு ஒரு ஸ்டார் குறைக்கிறன்.

வாங்கிறவை ஒரு சைஸ் கூட எடுங்கோ. என்ர வண்டிக்கு எக்ஸ்எல்லும் இறுக்கம்.