நாற்காலியோடு ஏறுவதா, மாறி உட்காருவதா?

லீவு விட்டால் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு திசை. மேற்கே மலம்புழா, கொஞ்சம் தூரம் போனால் கொச்சி வொண்டர்லா. கிழக்கே வேலந்தாவளம் தாண்டினால் கோவைப் பக்கத்து வாட்டர் பார்க்குகள். வீட்டில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தால், எந்தப் பார்க் என்பதற்கு முன்னால் இன்னொன்றை யோசிக்க வேண்டும்: ரைடில் எப்படி ஏறுவது?

வழி இரண்டுதான். நாற்காலியிலிருந்து ரைடு சீட்டுக்கு மாறி உட்காரலாம். அல்லது நாற்காலியையே உள்ளே உருட்டிப் பூட்டலாம். அமெரிக்காவின் 2010 மாற்றுத்திறனாளி அணுகல் விதிகள், பெரும்பாலான புதிய ரைடுகளில் இவற்றில் ஒன்றோ ஆளை மாற்றிவிடும் கருவியோ கட்டாயம் என்கின்றன. மாறி உட்காரும் சீட், ஏறுமிடத் தரையிலிருந்து 14 முதல் 24 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களில் அணுகல் வசதி கேட்கிறது. சீட் உயரம் வரைக்கும் அது போவதில்லை.

வேகமான ரைடு என்றால் மாறி உட்காருவதுதான் ஒரே வழி. தலைகீழாகச் சுற்றும்போது தோளை அழுத்திப் பிடிக்கும் கம்பி அந்தச் சீட்டுக்கென்றே செய்தது. சக்கர நாற்காலிக்கு அந்தப் பிடி கிடையாது. கையில் வலுவுள்ளவர்களுக்கு இது தோது, ரைடுகளும் நிறைய.

ஆனால் ஏறுமிடத்தில் நடப்பதைப் பார்க்க வேண்டும். என் சித்தப்பா மகனைக் கண்டதும் ரைடு ஊழியர்கள் இரண்டு பேர் ஓடி வந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுப்பார்கள். "சேட்டா, கையை விடுங்க. ஒருத்தர் பின்னாடி நின்னு கக்கத்துல கை குடுங்க, இன்னொருத்தர் முழங்காலுக்கு அடியில" என்று அவனே சொல்லித் தர வேண்டும். (கேள்வியை மட்டும் என்னிடம்தான் கேட்பார்கள், அவனிடம் இல்லை.) அப்புறம் வெயில். ஏப்ரலில் பாலக்காட்டில் ஃபைபர் சீட் கொதிக்கும். தண்டுவடம் அடிபட்டுத் தொடையில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சுடுவதே தெரியாது. இறங்கிய பிறகு கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். ஈரத்துண்டால் துடைத்து, நம் கையை வைத்துப் பார்த்த பிறகே உட்கார வைக்க வேண்டும்.

கழுத்தும் முதுகும் நிற்காதவர்களுக்கு, தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு, நாற்காலியோடு ஏறுவதை விட்டால் வேறு வழியில்லை. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 2010இல் திறந்த மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் பார்க்கில் குதிரை ராட்டினத்திலும் குட்டி ரயிலிலும் நாற்காலியோடு ஏறலாம். 2017இல் அங்கே வாட்டர் பார்க்கும் வந்தது. மோட்டார் நாற்காலி நனையக் கூடாது என்பதால், அழுத்திய காற்றில் ஓடும் நாற்காலியைத் தருகிறார்கள். குறை என்றால், மெதுவான ரைடுகள்தான். பதினெட்டு வயதுப் பையனுக்குக் குட்டி ரயில் எத்தனை நேரம் பிடிக்கும்?

இன்றைக்கு நம் பக்கத்துக்கு என் ஓட்டு மாறி உட்காருவதற்கே. இருக்கிற ரைடிலேயே ஒரு சாய்தளமும் பயிற்சி பெற்ற இரண்டு ஆட்களும் போதும். புதிதாகக் கட்டுகிறவர்கள் ஜயண்ட் வீலில் ஒரு பெட்டியையாவது நாற்காலி நுழைகிற மாதிரி செய்யலாம். லண்டன் ஐ என்ற ஜயண்ட் வீலில் நாற்காலி ஏறுவதற்காகச் சக்கரத்தையே நிறுத்துகிறார்கள்.

போகுமுன் போன் போட்டு "ராம்ப் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள்; வாசலில் இருப்பதை நினைத்து "உண்டு" என்பார்கள். சீட் எவ்வளவு உயரம், நாற்காலி அதன் பக்கம் வரைக்கும் வருமா, ரைடு நடுவில் நின்றுபோனால் நடக்க முடியாதவரை எப்படி இறக்குவீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் அந்த ரைடை விட்டுவிடுங்கள்.