குன்னூர் குளிருக்கு உடுப்பை அளவாக்க: டெய்லரா, கையூசியா, மிதி மிஷினா, கரண்ட் மிஷினா?

ரெடிமேட் வாங்கி அளவுக்குப் பிடித்துப் போடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் மலையில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. கடையில் தொங்குகிற சுடிதார் டாப்பை உடம்பின் மேல் ஒற்றை அடுக்காகப் போடுவதற்கென்றுதான் வெட்டியிருப்பார்கள். நாமோ வருஷத்தில் பாதி நாள் அதற்குள்ளே தெர்மல் போடுகிறோம், மேலே ஸ்வெட்டர் போடுகிறோம். எம் சைஸ் எடுத்தால் தெர்மலோடு கையை மடக்க முடியாது, எல் எடுத்தால் தோளும் கையும் சரியாக வந்து இடுப்பில் மட்டும் சாக்குப் பை மாதிரி தொங்கும். நான் பல வருஷமாக எல் சைஸ் எடுத்து சைடு பிடிக்கிற கட்சி. அந்தப் பிடிக்கிற வேலையை யாரிடம் கொடுப்பது, எதை வைத்துச் செய்வது என்பதில் நான்கு வழியையும் பார்த்துவிட்டேன். எதிர்வீட்டுத் தங்கச்சி போன வாரம், "அக்கா, ஒரு மிஷின் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் டெய்லர். கடைத்தெருவில் நல்ல கைகள் இருக்கின்றன, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரச்சினை அவர்கள் தையலில் இல்லை, அளவு எடுக்கிற இடத்தில் இருக்கிறது. காற்று அடிக்கிற கடை வாசலில் ஸ்வெட்டரைக் கழற்றாமல் நின்று கொடுக்கிற அளவு ஸ்வெட்டரின் அளவு. அது வேண்டாமென்றால் "அளவு உடுப்பு ஒண்ணு கொடுத்துட்டுப் போங்க" என்பார்கள். நாமும் வீட்டில் இருப்பதிலேயே பரவாயில்லாத ஒன்றை எடுத்துப் போய்க் கொடுப்போம். அந்தப் பரவாயில்லாத உடுப்பில் முதுகுப் பக்கம் கொஞ்சம் இழுக்கிறதென்றால், அந்த இழுப்பும் சேர்ந்தே அடுத்த நாலு உடுப்புக்கும் போகும். தீபாவளிக்கு முன்னாலும் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்திலும் ஆல்டரேஷன் துணி மூட்டையின் அடியில்தான் கிடக்கும். அதைக் குறை சொல்ல முடியாது, பிரித்துத் தைப்பது புதிதாகத் தைப்பதைவிட இழுவையான வேலை, காசும் குறைவு.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வேறு. என் மகளின் கம்பளிக் குர்தா ஒன்றை சைடு பிடிக்கக் கொடுத்தேன். கச்சிதமாகப் பிடித்திருந்தார், அழகாகவும் இருந்தது. ஆனால் உள்ளே மிச்சமிருந்த ஒன்றரை இஞ்ச் துணியை, ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிற ஓவர்லாக் மிஷினில் ஓட்டி வெட்டி எறிந்துவிட்டார். அடுத்த குளிருக்கு அவள் வளர்ந்துவிட்டாள், பிரித்து விட உள்ளே துணி இல்லை. நல்ல கம்பளி, ஒரே வருஷம். அதிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் முதல் வாக்கியமாக "அண்ணா, உள்துணியை வெட்டாதீங்க, அப்படியே விடுங்க" என்று சொல்லிவிடுகிறேன், துண்டுச் சீட்டில் எழுதியும் குத்திவிடுகிறேன்.

அடுத்தது கையூசி. இதைத்தான் யாரும் மதிப்பதில்லை, எனக்கு இதன் மேல்தான் பிரியம் அதிகம். சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கத் தெரிந்த கை உங்களுக்கு இருந்தால் பேண்ட் கால் மடிப்பு, டாப் அடி மடிப்பு, கை நீளம் குறைப்பது எல்லாம் ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும், அதே எம்மிங்தான், வெளிப்பக்கம் ஒரே ஒரு இழையை மட்டும் எடுத்தால் தையல் தெரியவே தெரியாது. மிஷினில் அடித்த பேண்ட் மடிப்பில் வெளியே கோடு தெரியும், கையில் செய்ததில் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் எந்த மிஷினும் கைக்கு ஈடில்லை.

சைடு பிடிக்க ஓடு தையல் போதாது, உட்கார்ந்தால் விட்டுப்போகும். பின்தையல் போட வேண்டும். ஊசியை மேலே எடுத்து, ஒரு அரிசி நீளம் பின்னால் போய் முந்தின தையல் முடிந்த ஓட்டையிலேயே இறக்கி, அடியில் இரண்டு அரிசி நீளம் முன்னால் போய் மறுபடி மேலே எடுப்பது. மேல்பக்கம் பார்த்தால் மிஷின் தையல் போலவே வரிசையாக இருக்கும், அடியில் நூல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நூலை இறுக்கி இழுக்காமல் போட்டால் துணி இழுபடும்போது இந்தத் தையலும் கூட வரும். தெர்மல், டீ-ஷர்ட், ஸ்வெட்டர் மாதிரி பின்னல் துணிகளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன். ஒரு பக்கம் தைக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஜீன்ஸுக்கு வேண்டாம், விரல் போய்விடும். டிசம்பர் ஜனவரி சாயங்காலத்தில் விரல் விறைத்துப்போய் ஊசியே பிடிபடாது, அந்த மாதங்களில் பகல் வெயிலில் உட்கார்ந்துதான் தைப்பேன்.

கைத்தையல் என்றால் ஏதோ இல்லாதவர்கள் செய்வது என்று நினைப்பவர்கள் இதே மலையில் தோடர் பெண்கள் போடுகிற பூவேலையை ஒரு தடவை கிட்டத்தில் பார்க்க வேண்டும். வரைந்துகொள்வதில்லை, துணியின் இழையை எண்ணி எண்ணி கறுப்பும் சிவப்புமாக நிரப்புகிறார்கள், அதற்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கண்ணில் நூறில் ஒரு பங்கு இருந்தால் ஒரு சுடிதாரின் சைடைப் பிடித்துவிடலாம்.

மிதி மிஷினுக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது பழையது, செகண்ட்ஹேண்டில் எடுத்தேன். வீட்டுக்கு வந்த முதல் வாரம் சக்கரம் அசையவே இல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக மெழுகு போல உறைந்திருந்தது, முன்னால் வைத்திருந்தவர்கள் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். கீழே மேட்டுப்பாளையத்தில் இதே மிஷின் ஓடியிருக்குமோ என்னவோ, குன்னூரில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் மிஷினுக்குள் மட்டும் உறையாமல் இருக்குமா? மண்ணெண்ணெய் விட்டு, துணியால் துடைத்து, மறுபடி விட்டு, இரண்டு நாள் ஆனது. அதன் பிறகு மிஷின் எண்ணெய் மட்டும்தான்.

இதன் பெரிய பலம் கரண்ட் வேண்டாம் என்பது. நம் பக்கம் குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமாக வரும், அக்டோபர் நவம்பரில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் போதும், பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. அதே மாதங்களில்தான் தீபாவளித் துணியும் குளிர் துணியும் தைக்க நிற்கின்றன. இரண்டாவது பலம் வேகம் நம் காலில் இருப்பது. கைக்குழி வளைவில், கழுத்து வளைவில் ஒரு தையல், நிறுத்தம், ஒரு தையல், நிறுத்தம் என்று போகலாம். ஜீன்ஸ் அடியில் நாலைந்து மடிப்பு சேர்கிற இடம் வந்தால் காலை எடுத்துவிட்டுக் கைச்சக்கரத்தையே சுற்றி, 16 அல்லது 18 நம்பர் ஊசியில் மெதுவாக ஏற்றி இறக்கிவிடலாம். மெல்லிய பருத்திக்கு 11, சாதாரண சுடிதார் துணிக்கு 14. ஊசி நம்பரை மாற்றாமல் எல்லாவற்றையும் ஒரே ஊசியில் ஓட்டிவிட்டு "மிஷின் தையல் விடுது" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

குறையும் உண்டு. நேர்த்தையல் மட்டும்தான். இடத்தை அடைக்கும், வாடகை வீடு மாறுகிறவர்களுக்குப் பெரிய பாரம். ஈரக்காற்றில் தோல் பெல்ட் நீண்டு வழுக்கும், கொஞ்சம் வெட்டி மறுபடி கொக்கி போட வேண்டும். ஊசியை மாட்டியபடியே ஒரு மழை வாரம் விட்டுவிட்டால் துருப் பிடித்து, அடுத்துத் தைக்கிற வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளி விழும், அது போகவே போகாது. நான் வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துவிடுகிறேன்.

கரண்ட் மிஷினில் எனக்குப் பொறாமை தருவது இரண்டு. ஒன்று ஜிக்ஜாக். பின்னல் துணியில் நேர்த்தையல் போட்டால் தலை வழியாக இழுத்துப் போடும்போது துணி நீளும், நூல் நீளாது, பட்டென்று அறுந்துவிடும். ஜிக்ஜாக் வளைந்து வளைந்து போவதால் துணியோடு நீளும், வெட்டின ஓரம் பிரியாமலும் பிடித்துக்கொள்ளும். தெர்மலும் ஸ்வெட்டரும் இத்தனை போடுகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. முனை உருண்டையான ஊசி தனியாகக் கிடைக்கும், பின்னல் துணிக்கு அதைத்தான் போட வேண்டும், கூர் ஊசி இழையை அறுத்து ஓட்டை விழவைக்கும். இரண்டாவது, அடிப்பலகையைக் கழற்றினால் மிச்சமிருக்கிற ஒல்லிக் கை. சட்டைக் கையையோ பேண்ட் காலையோ அதில் மாட்டிச் சுற்றிச் சுற்றித் தைக்கலாம். என் மிதி மிஷினில் சின்னக் குழந்தையின் கை மடிப்பு அடிப்பது பெரும் பாடு.

ஆனால் ஆரம்பத்தில் பெடலில் கால் வைத்ததுமே அது ஓடுகிற ஓட்டத்தில் வளைவு எல்லாம் நேராகிவிடும். வீட்டு உபயோகத்துக்கென்று வருகிற சின்ன மாடல்கள் ஜீன்ஸ் மடிப்பில் திணறும். கரண்ட் போனால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மிதி மிஷினிலேயே சின்ன மோட்டார் மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நாள் முழுக்கத் தைப்பவர்களுக்குச் சரி, மாதத்தில் நாலு உடுப்பு பிடிக்கிறவர்களுக்குத் தேவையில்லை.

ஸ்டேப்ளர் மாதிரி கையில் பிடித்து அமுக்குகிற குட்டி மிஷினை மட்டும் வாங்காதீர்கள். அது ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுவது. அரிசி மூட்டை வாயில் சரியான நூலைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று பிரிந்து வருமே, அதே தையல். பெரிய மிஷின்களில் மேல்நூலும் அடியிலிருந்து வருகிற பாபின் நூலும் ஒன்றையொன்று கவ்வுவதால் ஒரு இடத்தில் அறுந்தாலும் மிச்சம் நிற்கும்.

இவ்வளவு சொன்னேன், ஆனால் எதில் தைத்தாலும் உடுப்பு பொருந்துவது தைப்பதற்கு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. முதலில் துணியைத் துவைத்துக் காயவையுங்கள், பருத்தி சுருங்கிய பிறகுதான் அதன் உண்மையான அளவு தெரியும். அப்புறம் தெர்மலைப் போட்டுக்கொண்டு அதன் மேல் உடுப்பை உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு பக்கமும் சமமாகக் குண்டூசி குத்துங்கள். குத்தியபடியே கவனமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள், மேல் அலமாரியில் டப்பா எடுக்கிற மாதிரி கையைத் தூக்குங்கள். நிற்கும்போது சிக்கென்று இருந்த இடுப்பு உட்கார்ந்ததும் இழுக்கிறதென்றால் ஊசியைத் தளர்த்துங்கள். கடை வாசலில் எந்த டெய்லராலும் இதைச் செய்ய முடியாது, வீட்டில் செய்கிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது.

எதிர்வீட்டுத் தங்கச்சி சறுக்கினது கணக்கில். சுற்றளவில் 4 இஞ்ச் அதிகம் இருந்தது, இரண்டு பக்கம்தானே என்று பழைய தையலிலிருந்து பக்கத்துக்கு 2 இஞ்ச் உள்ளே தைத்துவிட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும் முன்துணி, பின்துணி என்று இரண்டு இருக்கின்றன, ஆக மொத்தம் 8 இஞ்ச் போய்விட்டது. நாலால் வகுத்துப் பக்கத்துக்கு 1 இஞ்ச் உள்ளே தைத்திருக்க வேண்டும். வெட்டாமல் வைத்திருந்ததால் பிரித்துச் சரிசெய்ய முடிந்தது. அதனால்தான் முதலில் கச்சா, அதாவது சுலபமாகப் பிரிக்கிற மாதிரி பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டு, ஒரு நாள் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் தையல் போடச் சொல்கிறேன். உள்துணியை 1 இஞ்ச் விட்டு வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நம் மழையில் தடித்த மடிப்பு மூன்று நாளானாலும் காயாமல் வாடை அடிக்கும். தையலை விரித்து இரண்டு பக்கமும் படிய அயர்ன் பண்ணினால் சீக்கிரம் காயும்.

ஆகவே அவளுக்கு நான் சொன்னது இதுதான். மூன்று மாதம் எந்த மிஷினும் வாங்காதே, இருக்கிற நாலு டாப்பையும் கையிலேயே பிடி. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், சொந்த வீட்டில் இருப்பதால் பழைய மிதி மிஷின் எடு, தெர்மலையும் ஸ்வெட்டரையும் கையிலேயே பின்தையல் போட்டுக்கொள். வாடகை வீட்டில் இருந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாறுகிறவளாக இருந்தால் கரண்ட் மிஷினைத்தான் சொல்லியிருப்பேன், அதுவும் உள்சட்டம் இரும்பில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கு என்று.

அவளிடம் ஊட்டியில் வாங்கின ஒரு ஜெர்கின் இருக்கிறது, தோள் இரண்டு பக்கமும் இறங்கித் தொங்குகிறது, ஜிப்பும் பல் விட்டிருக்கிறது. அதை என்னிடம் தராதே, நீயும் தொடாதே என்று சொல்லிவிட்டேன். தோளைத் தூக்க வேண்டுமென்றால் கையையே கழற்றி மாட்ட வேண்டும், உள்லைனிங் வேறு. அதற்கெல்லாம் டெய்லர்தான். அவருக்கு வேலை குறைவாக இருக்கிற பிப்ரவரியில் கொண்டுபோய்க் கொடு, உள்ளே தெர்மல் மட்டும் போட்டுக்கொண்டு போ, அளவு எடுக்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றி நில், துண்டுச் சீட்டை மறக்காதே என்றேன்.