ஏற்காடு ஏற எந்த மேப்? சைக்கிளில் பாதை போட்டுப் பார்த்த அனுபவம்

சேலத்தில் புதிதாக சைக்கிள் வாங்கியவர் யாரைப் பார்த்தாலும் சீக்கிரமே கேட்டுவிடுவது, "ரூட் எதுல போடுறீங்க?" என்பதுதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் உட்கார்ந்து பாதை போட பிரவுட்டர் என்ற இணையதளம், வழியில் பார்க்க ஓஸ்மாண்ட் என்ற மேப் ஆப், கடையோ லாட்ஜோ தேட கூகுள் மேப்ஸ். பல வருடமாக மாற்றி மாற்றி எதையெதையோ வைத்துப் பார்த்த பிறகு இந்த மூன்றில் வந்து நிற்கிறேன், இப்போதைக்கு மாற்றும் எண்ணம் இல்லை.

கூகுளையே முழுக்க நம்பிப் போகலாமே என்பார்கள். நகரத்துக்குள் சரி. 2017 டிசம்பரில் நம் நாட்டுக்கென்று அவர்கள் கொண்டுவந்த டூவீலர் வழிகாட்டி மோட்டார் வண்டிக்கானது, ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஏறிவிடுகிற வண்டிக்கு மேடு ஒரு பொருட்டே இல்லை. நமக்கோ மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போவது பெரிய விஷயமில்லை, நடுவில் ஒரு செங்குத்தான மேடு வந்தால்தான் தொல்லை. சைக்கிளுக்குப் பாதை போடும் தளத்தில் நான் முதலில் பார்ப்பது, தூரத்தோடு ஏற்றத்தையும் காட்டுகிற அந்தக் கோட்டுப் படம் எவ்வளவு நம்பும்படியாக இருக்கிறது என்பதை.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைக்குப் போகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சொச்சம், ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம். அடிவாரத்தில் ஆரம்பித்தால் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், சராசரியாக நூறு மீட்டர் தூரத்துக்கு ஐந்து மீட்டர் ஏறுகிறோம். இதே ரோட்டை நாலு தளத்தில் போட்டால் மொத்த ஏற்றம் நாலு விதமாக வரும், ஒன்றில் வருவதைவிட இன்னொன்றில் இருநூறு முந்நூறு மீட்டர் கூட இருக்கும். ரோடு ஒன்றுதானே, எப்படி?

பல தளங்கள் உயரத்தை எடுப்பது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் வைத்து அளந்த தரவிலிருந்து. அதில் தரை முழுவதும் சுமார் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு உயரம் என்று இருக்கும். நம் காட் ரோட்டின், அதாவது மலை ஏறும் ரோட்டின், அகலமோ சில மீட்டர்தான், ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறு பக்கம் சரிவு, இரண்டும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. வளைவில் மேப்பில் வரைந்த கோடு பத்து மீட்டர் தள்ளியிருந்தாலும் போதும், உயரம் மேலே இருக்கிற ரோட்டுக்குத் தாவும், அடுத்த புள்ளியில் கீழே விழும். படம் ரம்பப் பல் மாதிரி வருவது இதனால்தான். அந்தப் பல் ஒவ்வொன்றையும் ஏற்றம் என்று கூட்டிக்கொண்டே போனால் மொத்தக் கணக்கு ஊதிப் போகாமல் என்ன செய்யும்? போதாததற்கு அடர்ந்த மரம் உள்ள இடத்தில் ரேடார் தரைவரை முழுசாக இறங்காது, மரத்தின் உயரமும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும்.

பிரவுட்டர் எனக்குப் பிடித்துப்போனதற்கு இது ஒரு காரணம், அது சின்னச் சின்ன மேடு பள்ளங்களை வடிகட்டிவிட்டுத்தான் கூட்டுகிறது. எந்தத் தளமாக இருந்தாலும் "அதிகபட்ச சரிவு 22 சதவீதம்" என்று ஒரு புள்ளியில் மிரட்டினால் கண்டுகொள்ள வேண்டாம். ஒரு கிலோமீட்டரின் தொடக்க உயரம், முடிவு உயரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அது போதும். காட் ரோட்டில் இறக்கமே கிட்டத்தட்ட கிடையாது என்பதால் உச்சியிலிருந்து அடிவாரத்தைக் கழித்தாலே உண்மையான ஏற்றம் வந்துவிடும். மேலே போய் 32 கிலோமீட்டர் லூப் ரோடு சுற்றுகிறீர்கள் என்றால் இந்தக் கழித்தல் செல்லாது, அது ஏறி ஏறி இறங்குகிற பாதை.

நேரக் கணக்குக்கு எந்த ஆப் சொல்வதையும் நான் எடுத்துக்கொள்வதில்லை. என் காலுக்கு நூறு மீட்டர் ஏற்றத்துக்கு 12 நிமிடம், அவ்வளவுதான். 1,100 மீட்டர் என்றால் இரண்டேகால் மணி நேரம் கையில் வேண்டும், தண்ணீர் குடிக்க நிற்பது தனி. உங்களுடையதை ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டால் வேறு எந்த மலைக்கும் அதே கணக்கு ஓடும், 70 வளைவுள்ள கொல்லிமலைக்கும் கூட.

ஏற்றம் கணக்கில் வந்துவிடும், ரோடு எப்படி இருக்கிறது என்பது எந்த மேப்பிலும் ஒழுங்காக வராது. சேர்வராயன் மலையின் எஸ்டேட் ரோடுகள் மேப்பில் எல்லாம் ஒரே கோடு. போய்ப் பார்த்தால் ஒன்று நல்ல தார், அடுத்தது தார் பெயர்ந்து ஜல்லி மட்டும். சாட்டிலைட் படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் காபிக்கு நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் ரோட்டை மூடிவிடுகின்றன, கோடு உள்ளே போய் இன்னொரு பக்கம் வெளியே வருவது மட்டும்தான் தெரியும். நாகலூர்ப் பக்கம் ஒரு முறை ஒரு ஆப் அழகாகக் குறுக்கு வழி காட்டியது. இறங்கிப் போனால் இரும்பு கேட், பூட்டு. வாட்ச்மேன் அண்ணன் வெளியே வந்து, "இது எஸ்டேட் ரோடு தம்பி, மேப்ல வந்துச்சுன்னு தினம் ஒருத்தர் வர்றாங்க" என்றார். அவரிடம் கோபப்பட என்ன இருக்கிறது.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தங்கள் ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பின் ஹீட்மேப் இந்த இடத்தில் ஓரளவு கைகொடுக்கும். மற்றவர்கள் ஓட்டிய பாதைகள் பளிச்சென்று தெரியும், காட் ரோடு ஜொலிக்கும், கிராமத்து ரோடுகள் இருட்டாக இருக்கும். இருட்டாக இருந்தால் மோசமான ரோடு என்று அர்த்தமில்லை, ஆப் வைத்துக்கொண்டு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவே. அங்கே பாதை போடும் வசதியை 2020-லேயே சந்தாவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பாதை போடும் இன்னொரு ஆப்பான கொமூட்டும் 2025-இல் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது. அதனால் போட்ட பாதை ஒவ்வொன்றையும் ஜிபிஎக்ஸ் கோப்பாக (பாதையின் புள்ளிகளைச் சேமிக்கும் பொதுவான கோப்பு வகை) இறக்கி நான் தனியாக வைத்துக்கொள்கிறேன், எந்தக் கடை மூடினாலும் அது வேறு எந்த ஆப்பிலும் திறக்கும்.

சமவெளியில் இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூருக்கு எந்த ஆப்பும் சரியாகவே கொண்டுபோகும், பெரிய ஹைவேயைத் தவிர்க்கச் சொன்னால் போதும். ஒன்று மட்டும்: பூலாம்பட்டியில் விசைப்படகில் சைக்கிளை ஏற்றிக் காவிரியைத் தாண்டி நெருஞ்சிப்பேட்டைக்குக் கடக்கலாம், ஆனால் மேட்டூர் அணையில் உபரி நீரைத் திறந்துவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள், அதை எந்த மேப்பும் சொல்லாது, காலையில் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு வழியான குப்பனூர் வழியும் அப்படித்தான், மழையில் காட் ரோட்டில் மண் சரிந்தால் வண்டி முழுக்க அந்தக் குறுகலான பாதைக்குத் திரும்பிவிடும்.

பிரவுட்டர், ஓஸ்மாண்ட் மாதிரி, பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்த கருவிகளோடு நான் நின்றுவிட்டதற்கு முக்கியமான காரணம், தப்பாக இருந்தால் நாமே திருத்தலாம் என்பது. ஒரு கணக்கு தொடங்கினால் போதும். அந்த நாகலூர் கேட்டைக் குறித்து, ரோட்டைத் தனியார் வழி என்று மாற்றினேன். சில நாள் கழித்து அதே இரண்டு ஊருக்கும் பிரவுட்டரில் பாதை கேட்டேன், கேட்டைத் தொடாமல் சுற்றிப் போனது. இப்போதெல்லாம் எங்கே ஓட்டிவிட்டு வந்தாலும் அன்று இரவே எந்த ரோடு தார், எது ஜல்லி, எது மண் என்று ஏற்றிவிடுகிறேன். குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு ஏறுகிற வழியில் பிரியும் சின்ன ரோடுகள் இன்னும் நிறைய பாக்கி. அந்தப் பக்கம் போகிறவர்கள் தார் எங்கே முடிகிறது என்பதை மட்டுமாவது குறித்துப் போடுங்கள்.