திருகோணமலையில் ஒரு நூற்கட்டுக் கடையும் ஹேவன் போதகரின் வாழ்க்கை வரலாறும்

எரஸ்டஸ் ஹேவன் என்னும் அமெரிக்க மெதடிஸ்த போதகர் தமது வாழ்க்கையைத் தாமே எழுதிவைத்த நூல், அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1883 இல் வெளிவந்தது. பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்ட அந்நூலின் மின்பிரதியை, எங்கள் ஆலய வாசிப்பு வட்டத்துக்கென ஐந்து பிரதிகளாக அச்சிட்டுக் கட்டித் தரும்படி, திருஞானசம்பந்தர் வீதிக்கு அருகிலுள்ள ஒரு சிறிய கடையில் கொடுத்தேன்.

முதல் முறை கிடைத்த பிரதிகள் எனக்குத் திருப்தியளிக்கவில்லை. தாள்களை ஒற்றையாக அடுக்கி முதுகில் பசை தடவி ஒட்டியிருந்தமையால், நடுப்பக்கங்களில் வரிக்கு ஓரிரு எழுத்துகள் கட்டுக்குள் மறைந்துபோயின. அழுத்தி விரித்தபோது முதுகு வெடித்தது. அவை மிச்சிகன் பல்கலைக்கழகக் காலத்தைச் சொல்லும் பக்கங்கள் என்பதால் மனம் பொறுக்கவில்லை. 1863 இல் ஹென்றி டாப்பன் என்ற தலைவரை ஆளுநர் குழு நீக்கிவிட்டு அவ்விடத்தில் ஹேவனை அமர்த்தியது. டாப்பனை நேசித்த மாணவர்கள் கொதித்திருந்த அந்த நேரத்தில் பொறுப்பேற்று, ஆறு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தைக் குலையாமல் நடத்தியதே அவருடைய வாழ்வின் மிகக் கடினமான பகுதி என்று நான் கருதுகிறேன். மருத்துவப் பிரிவில் ஹோமியோபதிப் பேராசிரியர் ஒருவரை நியமித்தால்தான் வரிப்பணத்தில் உதவி என்று 1867 இல் சட்டமன்றம் நிபந்தனை விதித்தது. 1869 இல் அந்த நிபந்தனை இல்லாமலே ஆண்டுக்கு 15,000 டொலர் கிடைத்தது. முன்னர் மாசசூசெட்ஸ் செனற் சபையில் அமர்ந்திருந்த அனுபவம் அவருக்கு இதில் கைகொடுத்திருக்க வேண்டும்.

குறையைச் சொன்னதும் கடைக்காரர் மறுத்துப் பேசவில்லை. "சேர், விட்டுட்டுப் போங்கோ, திருப்பி அடிச்சுத் தைச்சுத் தாறன்" என்றார். உள் ஓரத்தை அகலமாக்கி மீண்டும் அச்சிட்டு, ஏ4 தாள்களை இரண்டாக மடித்து, நான்கு தாள்களை ஒரு கட்டாக வைத்து, மெழுகிட்ட நூலால் தைத்தார். ஊசி மடிப்பின் உள்ளே புகுந்து வெளியே வரும் ஒவ்வொரு முறையும் நூலை இழுத்து இறுக்கிப் பார்த்ததை அருகில் நின்று கண்டேன். நான்கு நாள்கள் எடுத்தார். மேலதிகமாக ஒரு ரூபாவும் வாங்கவில்லை. பிரதிக்கு 1,400 ரூபா என்ற பழைய விலையே நின்றது.

இப்போது புத்தகம் மேசையில் தட்டையாக விரிந்து கிடக்கிறது. மெதடிஸ்த பெண்கள் கல்லூரியில் உயர்தரம் படிக்கும் என் பேத்தி, 1869 ஆம் ஆண்டுப் பகுதியை எனக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தலைமைப் பதவிக்கு அழைத்தபோது, பெண்களையும் மாணவராகச் சேர்த்தால்தான் வருவேன் என்று ஹேவன் கூறினார். அவ்வாண்டே அங்கே பெண்களுக்குக் கதவு திறந்தது. பின்னர் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தராகி, 1880 இல் பேராயராகத் தெரிவுசெய்யப்பட்டு, மறு ஆண்டே ஒரிகனில் காலமானார். அவர் கேட்ட அந்த ஒரு நிபந்தனையைப் பேத்தி இரண்டு முறை வாசித்தாள்.

உங்களிடமும் பழைய நூல் ஏதும் இருந்தால் இக்கடையை நம்பிக் கொடுக்கலாம். தையல் கட்டுத்தான் வேண்டும் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முதுகில் பொன்னெழுத்துப் பொறிக்கும் வசதி அங்கே இல்லை. கறுப்பு மட்டையின் மேல் ஹேவனின் பெயரை வெள்ளைத் தாளில் என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.